சோணைக்குக் கீழே ஒரு கட்டி

இடது காதில் மட்டும் கம்மல் கொஞ்சம் தூக்கலாக நின்றது. 2023 தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுதான் கவனித்தேன். திருகாணியைக் கழற்றி மறுபடி மாட்டினேன், அப்போதும் அப்படியேதான் இருந்தது. விரலை வைத்துத் தடவினால் சோணைக்குக் கீழே, தாடை எலும்பு முடிகிற பள்ளத்தில், அரைநெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. வலி இல்லை. அழுத்தினால் லேசாக நகர்ந்தது.

வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. பொன்னுக்கு வீங்கியாக இருக்கும் என்று மாமியார் தன் தங்கச் சங்கிலியை என் கழுத்தில் போட்டுவிட்டார். பக்கத்து கிளினிக்கில் சொத்தைப் பல்லில் இருந்து வந்த வீக்கம் என்று இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். இப்படியே நான்கு மாதம் போனது. மூன்றாம் தடவை போனபோது, "சின்னக் கட்டிதாம்மா, மரத்துப்போக ஊசி போட்டு இங்கேயே எடுத்துடலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். சரி என்று நானும் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு எதேச்சையாக நாத்தனாரிடம் சொன்னேன். அவள் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். "அண்ணி, அந்த இடத்துல யாரையும் கத்தி வைக்க விடாதீங்க. முகத்த அசைக்கிற நரம்பு அதுக்குள்ளதான் போகுது. நாளைக்கே கிளம்பி வாங்க" என்றாள். அந்த ஒரு போன் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் என் முகம் இன்று எப்படி இருந்திருக்குமோ.

மதுரையில் பார்த்தவர் தலை கழுத்து அறுவை சிகிச்சை நிபுணர். கட்டியைத் தொடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார். "புருவத்தத் தூக்குங்கம்மா, கண்ண இறுக்கி மூடுங்க, பல்லக் காட்டுங்க." அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து டான்சில் பக்கம் உள்ளே ஏதும் தள்ளிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தன் வலது கையை விரித்து என் இடது கன்னத்தின் மேல், தொடாமல், ஒட்டினாற்போல் பிடித்தார். மணிக்கட்டு என் காதுப் பக்கம், ஐந்து விரலும் நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று பிரிந்து நின்றன. "நரம்பு இப்படித்தான் போகுது. ஒரே தண்டா காதுக்குப் பின்னாடி எலும்புல இருந்து வந்து, இந்தப் பரோடிட் சுரப்பிக்குள்ள அஞ்சு கிளையாப் பிரியுது. உங்க கட்டி அந்தச் சுரப்பியிலதான் இருக்கு."

பரோடிட் என்பது உமிழ்நீர்ச் சுரப்பிகளிலேயே பெரியது. அதில் வருகிற கட்டிகளில் பத்துக்கு எட்டு புற்றுநோய் இல்லாதவை என்றார். ஆனால் தொட்டுப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. முதலில் அல்ட்ராசவுண்ட், அதைப் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் ஊசி விட்டு மாதிரி எடுப்பது, அப்புறம் தேவைப்பட்டால் எம்ஆர்ஐ என்று வரிசை சொன்னார். ஏன் நேராக எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது என்று என் கணவர் கேட்டார். "ஒவ்வொண்ணும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் சார். கட்டி சுரப்பிக்கு உள்ளயா வெளியயான்னு அல்ட்ராசவுண்ட் சொல்லிடும். ஆனா தாடை எலும்புக்குப் பின்னாடி அதால பாக்க முடியாது. என்ன வகைக் கட்டின்னு ஊசி சொல்லும். எவ்வளவு ஆழம்னு எம்ஆர்ஐ சொல்லும்." இதைப் பொறுமையாகச் சொன்னாரே, அதற்காகவே அவரை நம்பினேன்.

ஊசி நான் பயந்த அளவுக்கு இல்லை. ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லியது. கட்டிக்குள் முன்னும் பின்னும் நாலைந்து தடவை அசைத்து, எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார்கள். மொத்தம் பத்து நிமிடம்.

ரிப்போர்ட் வந்த சாயங்காலத்தை மறக்கவே முடியாது. மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கடைசி வரியில் ரோமன் எழுத்தில் நான்கு, பக்கத்தில் ஏ. நான்காம் நிலை என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. அதற்கு மேல் எதையும் படிக்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிப் போட்டேன். படுத்த பிறகு மகளின் பள்ளிக்கூடக் கட்டணம், நகைக் கடன், என்னென்னவோ ஓடியது. காலை ஐந்து மணிக்கு நாத்தனாருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "அண்ணி, அது ஸ்டேஜ் இல்ல! அது மிலன் முறை. நாலு ஏ-ன்னா புற்று இல்லாத கட்டின்னு அர்த்தம்."

உமிழ்நீர்ச் சுரப்பி ஊசிப் பரிசோதனைக்கு 2018-ல் வந்த வகைப்பாடாம் அது. ஆறு வகை. ஐந்தாவது, புற்று என்ற சந்தேகம், ஆறாவது, புற்று. நான்கு ஏ, புற்றில்லாத கட்டி. புற்றுநோயின் நிலையைக் குறிக்கிற எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இதை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் இதற்காகத்தான். அந்த ஒரு ராத்திரியை இன்னொருவர் கடக்க வேண்டியதில்லை. ஊசி போட்ட அன்றைக்கே, ரிப்போர்ட்டில் எண் ஏதும் வருமா, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியின் பெயர் ப்ளியோமார்பிக் அடினோமா. புற்று இல்லையென்றாலும் விட்டுவைக்கக் கூடாது. வளர்ந்துகொண்டே இருக்கும், பல வருஷம் போனால் சிலருக்குப் புற்றாக மாறும். அதன் உறை மிக மெல்லியது. கட்டியை மட்டும் நோண்டி எடுத்தால் துணுக்குகள் தங்கி, பின்னாளில் அங்கங்கே பல கட்டிகளாக முளைக்கும். அதனால் சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்து எடுப்பார்கள். கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு நடந்திருக்கக் கூடியது அந்த நோண்டல்தான்.

எம்ஆர்ஐக்கு முன்பு ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள், சிறுநீரகம் சரியாக இருந்தால்தான் படம் தெளிவாக விழுவதற்கான மருந்து ஏற்றலாம் என்று. உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்றார்கள். தாலியைக் கழற்றி வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு போனேன். தலையையும் கழுத்தையும் கூண்டு மாதிரி ஒன்றுக்குள் வைத்து, "படம் ஓடும்போது எச்சில் முழுங்காம இருக்கப் பாருங்கக்கா, அசஞ்சா கலங்கிடும்" என்றார் அங்கிருந்த பையன். விழுங்கக் கூடாது என்றதும்தான் வாயெல்லாம் ஊறியது. சத்தம் நிற்கும் இடைவெளியில் விழுங்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆனது.

டாக்டர் படத்தைத் திரையில் போட்டு எங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். ஒரு வரிசைப் படத்தில் கட்டி குண்டு பல்பு எரிகிற மாதிரி வெள்ளையாக, சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோட்டோடு இருந்தது. நரம்பு எங்கே என்று கேட்டேன். "அது இதுல தெளிவாத் தெரியாதும்மா." திக்கென்றது. அவர் தாடை எலும்புக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டத்தில் பேனாவை வைத்தார். "இது ஒரு ரத்தக்குழாய். நரம்பு இதுக்குக் கொஞ்சம் வெளிப்பக்கமாப் போகும். கட்டி அதுக்கும் வெளிய, தோல் பக்கம் இருக்கு. நரம்புக்கு வெளிப்பக்கம் இருக்கற சுரப்பிய மட்டும் எடுத்தாப் போதும்." தெரியாத ஒன்றை, தெரிகிற ஒன்றை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சுரப்பியைத் திறந்த பிறகும் முதல் வேலை நரம்பின் தண்டைக் கண்டுபிடிப்பதுதான் என்றார்.

ஆனி மாதம் ஆபரேஷன். காதுக்கு முன்னால் தொடங்கி சோணையைச் சுற்றிக் கழுத்து வரை தையல், நீர் வடிய இரண்டு நாள் ஒரு குழாய். கண் விழித்ததும் முதலில் காதில் விழுந்தது, "புருவத்தத் தூக்குங்க." தூக்கினேன். கண்ணை மூடினேன். பல்லைக் காட்டியபோது கீழுதடு இடப்பக்கம் இறங்கவில்லை. நரம்பு முழுசாக இருக்கிறது, இழுபட்டதில் அசந்திருக்கிறது, திரும்பும் என்றார் டாக்டர். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "பம்பரம்" சொல்லிக் கொடுக்கும்போது முதல் எழுத்து சரியாக ஒட்டவில்லை. ஏழாவது வாரம் ஒட்டியது. சதைப் பரிசோதனையும் ஊசி சொன்னதையே உறுதி செய்தது.

சோணை இன்னும் பாதி மரத்துத்தான் இருக்கிறது. ஒன்பது மாதம் கழித்து, மாங்காய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிடும்போது இடது கன்னம் வியர்க்க ஆரம்பித்தது. உமிழ்நீர் சுரக்கச் சொல்கிற நரம்பிழைகள் திரும்ப வளரும்போது வழி மாறி வியர்வைச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடுமாம்; ஆபத்தில்லை, தொல்லையானால் ஊசி இருக்கிறது என்றார். எனக்கு அந்த அளவுக்கு இல்லை. சாப்பிடும்போது ஒரு கைக்குட்டையை மடியில் வைத்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பழைய படங்களை எல்லாம் ஒரே கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.