ஃபெலோஷிப் முடிந்தது, குழாய் என்ன ஆனது?

அரசியல்வாதி ஒருவர் பணம் போட்டு நடத்திய இளைஞர் தலைமைத்துவ ஃபெலோஷிப்பில் நான் பத்து மாதம் இருந்தேன். இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு திட்டத்தைக் கையில் கொடுத்துச் சில மாதம் வேலை செய்ய வைக்கும் ஏற்பாடு அது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கட்டுரை, நேர்காணல் பற்றித்தான். அதில் பெரிய வித்தை இல்லை. "சேவை செய்ய ஆசை" என்று எழுதாமல், உங்களுக்குத் தெரிந்த ஒரு குறையை எண்ணிக்கையோடு எழுதுங்கள். எங்கள் பகுதியில் 43 பொதுக் குழாய்கள், அதில் 18-ல் தண்ணீர் வரவில்லை என்று நடந்தே எண்ணி எழுதியிருந்தேன். நேர்காணல் முழுக்க அதைச் சுற்றியே ஓடியது.

தேர்வானதும் அந்த 18 குழாய்களையே என் திட்டமாகக் கொடுத்தார்கள். பணம் வந்தது, பிளம்பர் வந்தார், இரண்டே வாரத்தில் எல்லாவற்றிலும் தண்ணீர். திறப்பு விழா மட்டும் ஒரே ஒரு குழாய்க்கு, மேடைக்குப் பக்கத்தில் இருந்ததற்கு. பணம் போட்ட தலைவர் திருகினார், நாங்கள் பின்னால் நின்றோம். அந்தப் படத்தில் என் முகம் பாதிதான் தெரியும்.

நிறைவு விழா முடிந்து ஆறு மாதம் கழித்துச் சும்மா ஒரு நடை போனேன். 11 குழாய்கள் மறுபடி காய்ந்து கிடந்தன. வாஷர் தேய்ந்து ஒழுகியிருக்கிறது. ஒழுகுகிறதே என்று யாரோ வால்வை அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால், "அது உங்கள் ஃபெலோஷிப் போட்டதுதானே?" என்றார்கள். ஃபெலோஷிப் கணக்கிலோ அது முடிந்த வேலை. மற்ற 7 குழாய்கள் இருந்த தெருவில் ஒரு அக்கா, பழைய டப்பாவில் வாஷர் வாங்கிப் போட்டு வைத்து, தேயத் தேயத் தானே மாற்றிக்கொண்டிருந்தார். அவரை நான் என் அறிக்கையில் ஒரு வரிகூடக் குறிப்பிடவில்லை.

எனக்கு லாபம்தான், மறைப்பானேன். சான்றிதழ், பரிந்துரைக் கடிதம், அதை வைத்து ஒரு வேலை.

அமெரிக்காவில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1964-ல் வெள்ளை மாளிகை ஃபெலோஷிப்பைத் தொடங்கினார். அதை அதிபர் உத்தரவாகப் போட்டு, தேர்வு செய்ய ஓர் ஆணையமும் வைத்தார். அவர் போன பிறகும், எதிர்க்கட்சி வந்த பிறகும் அது நடந்தது. பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காலின் பவல் அப்படி வந்தவர்தான். ஆனால் இளைஞருக்கு அரசு நிர்வாகத்தை உள்ளிருந்து காட்டுவதுதான் அதன் வேலை. ஊரை மாற்றிக் காட்டுகிறோம் என்பது அதன் பேச்சில்லை. நம் விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல்.

அதனால் நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் போனபிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" பதிலில் ஒரு பதவியின் பெயர் வர வேண்டும். தலைவர் பெயர் வந்தால், அடுத்த தேர்தல் எப்போது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக் கேட்டால் எடுப்பார்களா என்று பயம் வரும். அடுத்த ஆண்டு பழைய ஃபெலோ என்ற முறையில் என்னையும் தேர்வுக்குழுவில் உட்கார வைத்தார்கள். அதையே கேட்ட ஒரு பெண்ணை எடுத்தோம். அவர் முதல் இரண்டு மாதம் குழாய்ப் பக்கமே போகவில்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அந்த 18-ஐயும் அவர்களுடைய பராமரிப்புப் பதிவேட்டில் ஏற்ற வைத்தார். அதற்கு விழா எதுவும் நடக்கவில்லை; படம் எடுக்க அங்கே என்ன இருக்கிறது?