பேரைப் பாத்து ஒயில் ஃபில்டர் வாங்காதேங்கோ (ஜப்பான் குட்டி லொறி வச்சிருக்கிற ஆக்களுக்கு)

ஹைஜெட், கெரி, மினிகாப், கிளிப்பர், சம்பார், அக்டி எண்டு ஜப்பானில இருந்து ரீகண்டிஷனா வந்த குட்டி லொறியள் இப்ப யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கனக்க ஓடுது. ஜப்பானிலயும் இடப்பக்கம் ஓடுறது எங்கட நாட்டிலயும் இடப்பக்கம்தான், அதால ஸ்டியரிங்கை மாத்துற கரைச்சல் இல்லாம இறக்கின உடனயே ஓடலாம், அதுதான் இவ்வளவு வந்து சேந்தது. ஆனா இந்த மொடலுகளில கனக்க எங்கட நாட்டில ஏஜென்ற் புதுசா வித்தது இல்லை, வந்தது எல்லாம் ஜப்பானில ஆரோ ஓடி வித்தது. அப்ப ஏஜென்றிட்ட போனா அவையின்ர கற்றலொக்கில உங்கட லொறி இருக்காது. பார்ட்ஸ் கடைக்குப் போனா கடைக்காரர் கேக்கிற முதல் கேள்வி "என்ன வாகனம் தம்பி" எண்டு. அதுக்கு நாங்கள் சொல்லுற பதிலிலதான் எல்லாப் பிழையும் தொடங்குது.

ஏனெண்டா முன்னுக்கு ஒட்டியிருக்கிற பேர் இந்த லொறியளில கனக்கத்துக்குப் பொய். நிசான் குட்டி லொறியை தானா செய்யுறேல்லை, வேற கொம்பனியிட்ட வாங்கி தன்ர பேரை ஒட்டி விக்கும். 2003 இல இருந்து வந்த கிளிப்பர் உண்மையில மிட்சுபிஷி மினிகாப். 2013 கடைசியில இருந்து வந்த கிளிப்பர் உண்மையில சுசுகி கெரி. பேர் ஒண்டு, முன்னுக்கு இருக்கிற நிசான் அடையாளமும் ஒண்டு, ஆனா உள்ளுக்க இருக்கிற எஞ்சின் ரெண்டு வேற கொம்பனி! 2014 இல மிட்சுபிஷியும் தன்ர மினிகாப் லொறி செய்யுறதை விட்டுட்டு சுசுகியிட்ட வாங்கத் தொடங்கீற்று, அப்ப புது மினிகாப்பும் கெரிதான். மஸ்டா ஸ்க்ரம் எண்டது 1989 இல தொடங்கின நாளில இருந்தே கெரி. சுபாரு சம்பார் 2012 பெப்ரவரி வரைக்கும் சுபாரு தானே செய்த அருமையான லொறி, நாலு சிலிண்டர், எஞ்சின் பின்னுக்கு, அதுக்குப் பிறகு வந்த சம்பார் எல்லாம் டைஹட்சு ஹைஜெட். ரொயோட்டா பிக்சிஸ் லொறியும் ஹைஜெட்தான். இதில வேற பேர் கலக்காம தன்ர பாட்டில நிண்டது ஹோண்டா அக்டி மட்டும், அதையும் 2021 இல நிப்பாட்டிட்டினம்.

எங்கட பக்கத்து ஒழுங்கையில ஒரு அண்ணை 2008 கிளிப்பர் ஒண்டு வச்சிருக்கிறார், மரக்கறி ஏத்துற லொறி. அவர் ரவுணில ஒரு கடையில "நிசான் கிளிப்பர்" எண்டு கேட்டு ஒரு ஃபில்டர் கொண்டுவந்து, பழையதைக் கழட்டி ஒயிலையும் வடியவிட்டபிறகு பாத்தா கொண்டுவந்தது கெரிக்கு உரியது. கடைக்காரரையும் குறை சொல்லேலாது, அவர் கொம்பியூட்டரில கிளிப்பர் எண்டு அடிச்சிருப்பார், அது கடைசியா வந்த மொடலைக் காட்டியிருக்கும். வாகனப் புத்தகத்தை எடுத்துப் பாத்தா செசி நம்பர் யு71ரி (U71T) எண்டு தொடங்குது. யு71ரி எண்டா மிட்சுபிஷி, 3ஜி83 எஞ்சின். அந்த நம்பரோட திரும்பப் போய் மினிகாப்புக்கு எண்டு கேட்டு எடுத்தது, ஒரு கரைச்சலும் இல்லாம ஏறீற்று.

அதால முதல் வேலை, உங்கட வாகனப் புத்தகத்தை எடுத்து செசி நம்பரைப் பாருங்கோ. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த வாகனத்துக்கு 17 எழுத்து நம்பர் இல்லை. சின்னக் கோடு ஒண்டு இருக்கும், அந்தக் கோட்டுக்கு முன்னால இருக்கிறதுதான் மொடல் கோட், பின்னால இருக்கிறது வரிசை இலக்கம். யு61ரி, யு62ரி எண்டா மினிகாப். டிஏ63ரி எண்டா கெரி, கே6ஏ எஞ்சின். டிஏ16ரி எண்டா புதுக் கெரி, ஆர்06ஏ எஞ்சின். ரிரி1, ரிரி2 எண்டா சுபாரு செய்த சம்பார். எஸ் (S) எண்ட எழுத்தில தொடங்கி பி (P) இல முடிஞ்சா ஹைஜெட். என்னட்ட இருக்கிறது எஸ்210பி, ஈஎஃப் எஞ்சின். இதில ஒரே ஒரு இலக்கம் மாறி எஸ்211பி எண்டு வந்தா அது கேஎஃப், முழுக்க வேற தலைமுறை எஞ்சின். வெளியால பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி, கதவைத் திறந்தாலும் ஒரே மாதிரி. அப்ப கடையில "ஹைஜெட், அந்தப் பழைய ஷேப்" எண்டு சொல்லிக் காணாது, மொடல் கோட்டையும் எஞ்சின் கோட்டையும் சேத்துச் சொல்லவேணும். கபினுக்குள்ள இல்லாட்டிக் கதவுப் பக்கம் ஒரு தகரப் பட்டி அடிச்சிருக்கும், அதில ரெண்டும் இருக்கும். ஜப்பான் எழுத்தைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, கோட் எல்லாம் ஆங்கில எழுத்திலயும் இலக்கத்திலயும்தான். போனில வடிவா ஒரு படம் எடுத்து வையுங்கோ.

இனி ஃபில்டர் நம்பர். பெட்டியில இருக்கிற ஒரிஜினல் நம்பரின்ர முதல் அஞ்சு இலக்கத்தைப் பாத்தாலே எந்தக் கொம்பனியின்ர சாமான் எண்டு பிடிக்கலாம். 90915 எண்டு தொடங்கினா ரொயோட்டா, 15601 எண்டு வந்தா டைஹட்சுப் பக்கம், 16510 சுசுகி, 15400 ஹோண்டா, 15208 நிசானும் சுபாருவும், மிட்சுபிஷிக்கு கூடுதலா எம்டி இல்லாட்டி எம்இஸட் எண்ட எழுத்தில தொடங்கும். உங்களிட்ட 2009 கிளிப்பர் இருக்கு, கடைக்காரர் 16510 எண்டு தொடங்கிற ஃபில்டரைத் தாறார் எண்டா உடனயே நிப்பாட்டிக் கேளுங்கோ. இது தெரிஞ்சா பாதிப் பிரச்சினை கடை மேசையிலயே முடியும். விஐசி, சக்குரா மாதிரி வேற கொம்பனி ஃபில்டர் எடுத்தாலும் பெட்டியிலயோ அவையின்ர கற்றலொக்கிலயோ எந்த ஒரிஜினல் நம்பருக்குப் பதில் எண்டு போட்டிருக்கும், அதைத்தான் ஒத்துப் பாக்கவேணும்.

இப்ப நான் இதை எழுத முக்கிய காரணத்துக்கு வாறன், தயவுசெய்து இதை மட்டும் வடிவா வாசியுங்கோ. ஜப்பான் சின்ன வாகனங்களில ஃபில்டர் ஏறுற தண்டில இருக்கிற மரை (திருகுப் புரி) ரெண்டு வகை. ஒண்டு எம்20, அதாவது 20 மில்லிமீற்றர், மரைக்கு மரை 1.5 மில்லிமீற்றர். ஹோண்டா, நிசான், மிட்சுபிஷி, சுபாரு எஞ்சினுகளில கூடுதலா இருக்கிறது இது. மற்றது முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை, ரொயோட்டாவும் டைஹட்சுவும் பாவிக்கிறது. முக்கால் அங்குலம் எண்டா 19.05 மில்லிமீற்றர், மரைக்கு மரை 1.59 மில்லிமீற்றர் வரும். கண்ணால பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. முக்கால் அங்குல ஃபில்டரை எம்20 தண்டில ஏத்தப் பாத்தா ஏறாது, அதால ஆபத்தில்லை, போட்ட உடனயே பிழை எண்டு தெரிஞ்சிடும். மறுவளமா நடந்தாத்தான் பயம். எம்20 ஃபில்டரை முக்கால் அங்குலத் தண்டில வச்சா அது ஏறும்! லேசா ஏறும், கொஞ்சம் ஆட்டமா இருக்கும், கடைசியில ரப்பர் சீல் போய் முட்ட இறுகின மாதிரியும் இருக்கும். ஆனா மரையின்ர நுனி மட்டும்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது. எஞ்சின் கூடச் சுத்தி ஒயில் பிறஷர் ஏறேக்க, இல்லாட்டிக் காலமைக் குளிரில முதல் ஸ்ராட்டில பிறஷர் சட்டெண்டு கூடேக்க, அந்த நுனி மரை வழுக்கி ஃபில்டர் அப்பிடியே கழண்டு போகலாம். இந்த எஞ்சினுகளில மொத்த ஒயிலே ஏறக்குறைய மூண்டு லீற்றர்தான், அது றோட்டில ஊத்துப்பட கன நேரம் எடுக்காது. சாமானோட ஏ9 றோட்டில போகேக்க ஒயில் லைற் பத்தினதைக் காணுறதுக்கிடையில பேரிங் போயிடும், பிறகு எஞ்சின் இறக்கிற செலவுதான்.

இதை எப்பிடிப் பாக்கிறது எண்டா பெரிய வித்தை ஒண்டும் இல்லை. பழைய ஃபில்டரைக் கழட்டின உடன தண்டைத் துணியால துடைச்சுப்போட்டு வேர்னியரால வெளி விட்டத்தை அளவுங்கோ. 19 இக்குக் கிட்ட வந்தா முக்கால் அங்குலம், 20 இக்குக் கிட்ட வந்தா எம்20. வேர்னியர் இல்லாட்டி புது ஃபில்டரை சீல் முட்ட முதல், ஒரு மூண்டு சுத்து ஏத்திப்போட்டு விரலால அங்கால இங்கால ஆட்டிப் பாருங்கோ. சரியான மரை எண்டா ஆட்டம் கொஞ்சமாத்தான் இருக்கும், பிழையான மரை எண்டா கடகடெண்டு ஆடும், ஒருக்கா கையில உணர்ந்தா பிறகு மறக்காது. சுசுகிக்காரர் கட்டாயம் அளந்து பாருங்கோ. எங்கட ஊரில மாருதி ஃபில்டர் எல்லாக் கடையிலயும் மலிவாக் கிடைக்குது, "சுசுகிதானே தம்பி, எல்லாம் ஒண்டுதான்" எண்டு தருவினம். சில வேளை சரியாத்தான் இருக்கும், ஆனா அளக்காமக் கொண்டு போகாதேங்கோ.

மரை சரி எண்டா எல்லாம் சரி எண்டும் இல்லை. ரப்பர் சீல் எஞ்சினில செதுக்கி மினுக்கின வட்டத்தில முழுசா இருக்கவேணும். பழையதையும் புதுசையும் கவிட்டு வச்சு சீலின்ர உள் விட்டம், வெளி விட்டம் ரெண்டையும் ஒத்துப் பாருங்கோ, ஒரு பக்கம் விளிம்புக்கு வெளியால போச்செண்டா அதை விட்டிடுங்கோ. உயரமும் பாக்கவேணும். கொஞ்சம் நீட்டு ஃபில்டர் போட்டா ஒயில் கூடப் பிடிக்கும், நல்லதுதானே எண்டு கனபேர் சொல்லுவினம், அது உண்மைதான், ஆனா இந்த லொறியளில அடியில இடம் சரியான இறுக்கம். சைலன்சர்க் குழாய்க்குக் கிட்டப் போகுதோ, கீழ தொங்கி கல்லு அடிபடுமோ எண்டு படுத்துப் பாத்துத்தான் முடிவெடுக்கவேணும். தோட்டத்து ஒழுங்கைக்குள்ள லொறி கொண்டு போறவை நீட்டு ஃபில்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

பிறகு உள்ளுக்க இருக்கிற ரெண்டு வால்வ். நடு ஓட்டைக்குள்ளால லைற் அடிச்சுப் பாத்தா அடியில ஒரு ஸ்பிரிங் தட்டு தெரியும், அது பைபாஸ் வால்வ் (சில ஃபில்டரில அது மேல் பக்கம் இருக்கும்). ஃபில்டர் அடைபட்டாலோ ஒயில் குளிர்ந்து தடிச்சிருந்தாலோ அது திறந்து வடிகட்டாத ஒயிலையாவது எஞ்சினுக்கு அனுப்பும், ஊத்தை ஒயில் போறது ஒயிலே போகாததை விட மேல். சில எஞ்சினில இந்த வால்வ் எஞ்சின் புளொக்கிலயே இருக்கும், அதுக்கு வாற ஃபில்டரில இது இருக்காது. அப்பிடி ஒரு ஃபில்டரை உங்கட எஞ்சினில போட்டா மரை சரியா ஏறும், ஒழுகாது, ஆனா உள்ளுக்க ஒரு பாதுகாப்பும் இல்லை. மற்றது சுத்தி இருக்கிற சின்ன ஓட்டைகளுக்குப் பின்னால இருக்கிற ரப்பர்த் தட்டு. அது எஞ்சின் நிண்டபிறகு ஃபில்டருக்குள்ள இருக்கிற ஒயில் திரும்பி வடியாமப் பிடிக்கிறது. ஒரு பென்சிலால மெதுவா அமத்திப் பாருங்கோ, மெதுமெதெண்டு உள்ள போய்த் திரும்பி வந்து மூடவேணும். கடையில கனகாலம் கிடந்த ஃபில்டரில அது காஞ்சு விறைச்சிருக்கும். அதைப் போட்டா ஒவ்வொரு நாள் காலமையும் ஸ்ராட் பண்ணேக்க ஒரு கணம் "கடகட" எண்டு சத்தம் கேக்கும், அது ஒயில் இல்லாம இரும்பு இரும்போட அடிபடுற சத்தம்.

இவ்வளவு கவனம் ஏன் எண்டா இந்த எஞ்சினுகள் 660 சிசி, ஜப்பானில 350 கிலோ ஏத்தச் செய்தது. நாங்கள் எவ்வளவு ஏத்துறம் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெங்காயம் ஏத்திக்கொண்டு மருதனார்மடச் சந்தைக்குப் போகேக்க அந்தக் குட்டி எஞ்சின் பெரிய வாகனத்தை விட எவ்வளவோ கூடச் சுத்தித்தான் இழுக்குது. வலிகாமத்துச் செம்மண் தூசி வேற. ஜப்பான் கையேட்டில சாதாரண பாவனைக்கு ஒரு கிலோமீற்றர் கணக்கும், கடும் பாவனைக்கு அதில பாதியும் போட்டிருக்கும். எங்கட ஓட்டம் எல்லாம் கடும் பாவனைக் கணக்குத்தான், ஜப்பான்காரர் எழுதின பெரிய நம்பரைப் பாத்துச் சந்தோசப்படாதேங்கோ. அதோட 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது. அந்த இடையில லொறி விலை எங்க போச்செண்டு எல்லாருக்கும் தெரியும், இருக்கிற லொறியைத்தான் காப்பாத்தவேணும். கொழும்புக்குப் போற ஆக்களிட்டச் சொல்லி பார்ட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில நம்பரைக் காட்டி ரெண்டு மூண்டாச் சேத்து எடுப்பிச்சு வையுங்கோ. ஒண்டு ஒண்டா அவசரத்தில தேடேக்கதான் "இதுவும் சரிவரும்" எண்டதை வாங்க வேண்டி வரும்.

பூட்டுறது பற்றிக் கொஞ்சம். பழைய ஃபில்டரைக் கழட்டேக்க அதின்ர ரப்பர் சீல் ஃபில்டரோடயே வந்ததோ எண்டு கட்டாயம் பாருங்கோ, சில வேளை எஞ்சினில ஒட்டிக்கொண்டு நிண்டிடும், அதுக்கு மேல புதுசைப் போட்டா ரெண்டு சீல் ஆகி பிறஷர் ஏறின உடன ஒழுகும். புது சீலில விரலால கொஞ்சம் ஒயில் பூசிப்போட்டு கையால ஏத்துங்கோ, சீல் முட்டினபிறகு முக்கால் சுத்து காணும். ஃபில்டர் சாவி கழட்ட மட்டும்தான், இறுக்க இல்லை. ஒயில் விட்டு ஸ்ராட் பண்ணினா ஒயில் லைற் ஒரு சில செக்கனில அணையவேணும், அணையாட்டி உடன நிப்பாட்டுங்கோ. அணைஞ்சா கொஞ்ச நேரம் ஓடவிட்டு அடியில குனிஞ்சு பாத்திட்டு, நிப்பாட்டி, ஒயில் கம்பியைத் திரும்ப இழுத்துப் பாருங்கோ, ஃபில்டர் குடிச்ச அளவுக்கு மட்டம் இறங்கியிருக்கும், அதை நிரப்பவேணும். பிறகு ஃபில்டர் நம்பரையும் மீற்றர்க் கணக்கையும் கதவுக்கு உள்பக்கம் மார்க்கரால எழுதிவிடுங்கோ, அடுத்த முறை வேற கராச்சுக்குப் போனாலும் அவைக்கும் உதவும்.

உங்களிட்ட சம்பார், அக்டி இருக்கெண்டா மொடல் கோட்டோட, தண்டின்ர அளவையும் நீங்கள் போட்டுச் சரிவந்த ஃபில்டர் நம்பரையும் கீழ எழுதுங்கோ. ஓடிப் பாத்துச் சரிவந்ததை மட்டும் எழுதுங்கோ, கடையில சொன்னதை எழுதவேண்டாம்.