1966 மஸ்டாங்: அசல் நிறத்தைத் தேடிய ஆறு வாரங்கள்

என் கைக்கு வந்தபோது அந்த ஃபோர்டு மஸ்டாங் கார் சிவப்பாக இருந்தது. யாரோ எப்போதோ அவசரமாக அடித்த சிவப்பு. கண்ணாடி ரப்பரின் ஓரத்தில்கூடப் பெயிண்ட் படிந்திருந்தது. ஃபாக்டரியை விட்டு எந்த நிறத்தில் வெளியே வந்ததோ அதே நிறத்துக்கு இதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தேன்.

காரணம் இருக்கிறது. வண்டியின் எண் 6, ஆர், 07, சி என்று தொடங்கும். 6 என்றால் 1966 மாடல், 07 என்றால் ஹார்ட்டாப், அதாவது மடங்காத இரும்புக் கூரை, சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8 என்ஜின். அந்த ஆர்தான் எனக்கு முக்கியம். ஃபோர்டின் சான் ஹோசே ஆலைக்கு உரிய எழுத்து அது. பெயர் சான் ஹோசே என்றாலும் ஆலை இருந்த ஊர் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ். 1955 முதல் 1983 வரை ஓடியது. அந்தக் கட்டடம்தான் 1994-இல் கிரேட் மால் என்ற கடை வளாகம் ஆனது. பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க நாங்கள் போகிற அதே கிரேட் மால். என் வண்டி பிறந்த இடம் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம்.

இந்தக் கால மஸ்டாங்கில் நிறக் குறியீடு டிரைவர் பக்கக் கதவின் பின் விளிம்பில், ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். பாடி வகை, நிறம், உள் அலங்காரம், தயாரித்த தேதி, விற்பனை வட்டாரம், ஆக்சில், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே வரியில் வரும். சிவப்புப் பெயிண்டைப் பக்குவமாகச் சுரண்டித் தகட்டைப் படித்தேன். 65ஏ, ஹார்ட்டாப். சரி. நிறம்: வி.

கையில் இருந்த பட்டியலில் வி-க்கு நேராக 'சன்லைட் யெல்லோ' என்று இருந்தது. ஒரு வாரம் முழுக்க மஞ்சள் மஸ்டாங் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது 1964 ஏப்ரலில் வந்த முதல் மஸ்டாங்குகளுக்கான பட்டியல். ஃபோர்டு ஒரே எழுத்தை வருஷத்துக்கு வருஷம் வேறு நிறத்துக்குக் கொடுத்தது. 1965-இல் 5 என்றால் ட்வைலைட் டர்க்கைஸ். 1966-இல் அதே 5 சிக்னல்ஃபிளேர் ரெட். வெள்ளைக்கான எம், விம்பிள்டன் ஒயிட், பல வருஷம் மாறவே இல்லை. அதனால் வருஷத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. 1966 பட்டியலில் வி என்பது எம்பர்க்ளோ. புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தின் நிறம். எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

பிடித்த வேகத்தில் பெயிண்ட் வாங்கியிருப்பேன். அதற்குள் தகட்டின் கீழ் வரியை ஒருமுறை நிதானமாகப் படித்தேன். அங்கே இருந்த எண் 6, டி, 07 என்று போனது. டி என்பது நியூ ஜெர்சியின் மெட்டச்சன் ஆலை.

பானட்டைத் திறந்து பார்த்தேன். டிரைவர் பக்கம், ஃபெண்டர் விளிம்பில் விட்டிருக்கும் சின்ன இடைவெளி வழியாக, உள் ஏப்ரனில், அதாவது என்ஜின் அறையின் பக்கவாட்டுத் தகட்டில், பொறித்த வண்டி எண் தெரியும். அதில் ஆர். உரிமைப் பத்திரத்திலும் ஆர். வாங்கிய அன்று இந்த இரண்டையும்தான் ஒப்பிட்டேன், கதவைப் பார்க்கவில்லை. ஆக, கதவு வேறொரு வண்டியுடையது. எங்கோ இடிபட்டு, பழைய கதவு ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. கதவோடு தகடும் வந்துவிட்டது. என் வண்டியின் தகடு அதன் சொந்தக் கதவோடு போய்விட்டது.

1967 முதல் வந்த ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று வாங்கலாம்; ஆலைப் பதிவிலிருந்தே நிறம் தெரிந்துவிடும். 1966-க்கு அந்த வழி இல்லை. பழைய செவ்ரோலே வைத்திருப்பவர்களைப் பார்த்து இங்கே கொஞ்சம் பொறாமைப்பட்டேன். செவ்ரோலேயின் 1969 கமாரோவில் தகடு என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் இருக்கிறது. கதவை நூறு முறை மாற்றினாலும் அதிலுள்ள 72 என்ற எண், ஹக்கர் ஆரஞ்ச் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

சரி, இனி இரும்பைத்தான் கேட்க வேண்டும். மறு பெயிண்ட் அடிப்பவர்கள் கழற்றாத இடங்களில் அசல் நிறம் தங்கியிருக்கும். கதவு வாசலில் கால் வைக்கும் அலுமினியப் பட்டையின் ஸ்குரூக்களை எடுத்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட மண்ணைத் துடைத்தபோது கீழே தெரிந்தது நீலப்பச்சை. மயில்கழுத்து நிறத்தில் கொஞ்சம் பால் கலந்த மாதிரி, உள்ளே பொடி மினுக்கு. கால் பக்கப் பேனலுக்குப் பின்னாலும் அதே நிறம். டார்ச் அடித்துப் பார்த்தபடி வெகுநேரம் கராஜ் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த மணி நேரம் அது.

உறுதிப்படுத்த, பின் ஃபெண்டரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். முதலில் 400 நம்பர் பேப்பர், ஓரம் மென்மையாக 600, கடைசியில் இன்னும் நைசான 1000. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அதனால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும். மரத்தின் வளையங்கள் போல அடுக்குகள் விரிந்தன: சிவப்பு, சாம்பல் பிரைமர், வெள்ளை, மறுபடி பிரைமர், அடியில் நீலப்பச்சை. லேக்கர் தின்னர் நனைத்த துணியால் துடைத்தபோது வெள்ளை துணியோடு கரைந்து வந்தது. யாரோ பட்டறையில் அடித்த லேக்கர் அது. நீலப்பச்சை அசையவில்லை, ஃபோர்டு ஆலையில் சூட்டில் இறுகவைத்த எனாமல் அப்படித்தான் இருக்கும். அதே சோதனையைக் கதவில் செய்தேன். சிவப்புக்குக் கீழே செப்பு நிறம் வந்தது. தகடு பொய் சொல்லவில்லை, தன் கதவைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது.

1966 பட்டியலில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியவை இரண்டு. எஃப், ஆர்க்கேடியன் ப்ளூ. ஆனால் அதில் மினுக்கு கிடையாது. இன்னொன்று யு, டஹோ டர்க்கைஸ். டிட்ஸ்லர் என்ற பெயிண்ட் கம்பெனியின் பழைய நிற அட்டை ஒன்றை இரவல் வாங்கி, வாசல் பட்டைக்குக் கீழே வெயில் படாமல் கிடந்த இடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யு.

பெயிண்ட் கலப்பது இன்னும் நடக்கிறது. கடையில் கலந்து கொடுத்த முதல் மாதிரி பச்சை தூக்கலாக இருந்தது. கடை விளக்கில் பொருந்திய நிறம் வெளியே வெயிலில் பிரிந்து நின்றது. இரண்டாவது மாதிரியை மூன்று அட்டைகளில் அடித்தேன். மினுக்குப் பெயிண்டை ஈரமாக அடித்தால் நிறம் ஆழ்ந்துவிடும், உலர்வாக அடித்தால் வெளுத்துவிடும். நடு அட்டைதான் பொருந்துகிறது. பெயிண்ட் ஸ்ப்ரே துப்பாக்கியின் காற்றழுத்தத்தையும் தூரத்தையும் அட்டையின் பின்னாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

யு என்று அச்சிட்ட புதுத் தகடு செய்து தருகிறார்கள். எனக்கு மனமில்லை. நிறம் மட்டும்தான் எனக்குத் தெரியும்; தேதியையும் ஆக்சிலையும் நானாகக் கற்பனை செய்து பொறித்தால் இன்னொருவரை ஏமாற்றுவதாகும். மெட்டச்சன் தகடு கதவிலேயே இருக்கட்டும். என்ன நடந்தது என்று எழுதிய ஒரு தாளும் அடுக்குகளின் படங்களும் வண்டிப் பத்திரங்களோடு போகும். வாசல் பட்டைக்குக் கீழே இருக்கிற அசல் பெயிண்டை நான் தொடப்போவதில்லை. அதன் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பின் ஃபெண்டரில் தொடங்குகிறேன்.