உச்சிப்புளியில் ஒரு ஹீட்டர்

அக்டோபர் 3

வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. சந்தேகப்பட இடமே இல்லை. தேங்காய் மூட்டைகளை இராமநாதபுரத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் செருப்பைக் கழற்றிக் காட்டினார். நனைந்திருந்தது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. காலடி விரிப்பைத் தூக்கினால் பச்சை நிறக் கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் திரவம், அதோடு ஓர் இனிப்பு வாடை. முன்கண்ணாடியின் உட்புறத்தில் எவ்வளவு துடைத்தாலும் போகாத பிசுக்கு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு நோய் கிடையாது.

இந்தக் கடற்கரையில் ஓடும் வண்டிக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. வண்டி ஒரு வில்லிஸ் ஜீப் பிக்கப். அமெரிக்காவில் 1947 முதல் 1965 வரை தயாரான வகை. நான்கு சிலிண்டர் ஹரிக்கேன் எஞ்சின், 2.2 லிட்டர். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்தது. அங்கே மார்கழி விடியலில் புல்லின்மேல் உறைபனி படியும். ஹீட்டர் இல்லாமல் தீராது. பிறகு மலையிறங்கி, மூக்கையூர்ப் பக்கம் ஐஸ் பெட்டி சுமந்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது.

அக்டோபர் 4

கீழக்கரையிலிருந்து வந்து இங்கே பட்டறை வைத்திருக்கும் காக்காவிடம் காட்டினேன். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள். குனிந்து பார்த்தார், சிரித்தார்.

“இந்தக் கரையில் ஹீட்டர் போட்டு யாரை அவிக்கப் போகிறாய் தம்பி? இரண்டு ஓஸையும் ஒரு குழாய் வைத்து இணைத்துவிடு. ஜோலி முடிந்தது.”

அவர் சொல்வது நடக்காத காரியமல்ல. ஹீட்டர் கோர் என்பது கேபினுக்குள் வைத்த குட்டி ரேடியேட்டர். எஞ்சின் ஹெட்டிலிருந்து சுடுநீர் ஒரு ஓஸ் வழியாக வந்து, கோரின் மெல்லிய குழாய்களில் ஓடி, இன்னோர் ஓஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்பும். அருகிலிருக்கும் விசிறி அந்தச் சூட்டைக் காலடிக்கும் கண்ணாடிக்கும் தள்ளும். நடுவிலிருக்கும் கோரை நீக்கிவிட்டு ஓஸ்களை இணைத்தால் எஞ்சினுக்கு ஒரு குறையும் வராது.

குறை எனக்குத்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஜன்னலைத் திறக்க முடியாது. உள்ளே மூன்று பேர் விடும் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் படிந்து சாலையை மறைத்துவிடும். ஏசி வண்டிக்காரர்களுக்கு இது தெரியாது. எங்களுக்கு உள்ள ஒரே வழி சூடான காற்றைக் கண்ணாடியில் அடிப்பது. வியர்க்கும்தான். எதிரே வரும் லாரி தெரியாமல் போவதைவிட வியர்ப்பது மேல்.

சரக்கு நிற்கக்கூடாது என்பதால் காக்கா சொன்ன குழாய் இணைப்பை இப்போதைக்குப் போட்டாயிற்று. தரையில் சிந்திய கூலன்டை மணல் போட்டு அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவினேன். அதிலிருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும். நக்கினால் சிறுநீரகம் போய்விடும். பட்டறைகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

அக்டோபர் 6

கழற்றும் நாள். இந்த வண்டியில் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை. ஹீட்டர் பெட்டி அதன் அடியில், எஞ்சின் பக்கத் தகரச் சுவரில் போல்ட் போட்டு நிற்கிறது. புதிய கார்களில் இதே வேலைக்குப் பாதி வண்டியைப் பிரிப்பார்கள்.

பழைய ஓஸைப் பிடித்து முறுக்கி இழுக்கக்கூடாது. கோரின் பித்தளை மூக்கு மெல்லியது, ஈயப்பற்றோடு பிய்ந்து வந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தேன். போல்ட்டுகள்தான் உயிரை எடுத்தன. நட்டும் போல்ட்டும் உப்புக்காற்றில் ஒரே துருக்கட்டியாகி இருந்தன. ஒன்று வந்தது. மற்றவற்றை அறுத்தோம்.

பெட்டி இருந்த இடத்தில் தகரம் செதில் செதிலாக உதிர்கிறது. சுரண்டி, தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன்.

அக்டோபர் 7

இன்றுதான் சுவாரசியமான நாள்.

கோரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு மூக்கை அடைத்து, மறு மூக்கில் சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். ஓரிடத்தில் குமிழி வரும் என்று பார்த்தால் பல இடங்களிலிருந்து வந்தது. ஈயம் வைத்து ஒட்டும் கட்டமெல்லாம் தாண்டிவிட்டது.

“உப்புக்காற்று தின்றுவிட்டது” என்றார் காக்கா. இங்கே எது இற்றுப்போனாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான். ஆனால் வெளித் தகடுகள் நன்றாகத்தான் இருந்தன. “குழாய்களின் முனையை மூடியிருக்கும் பக்கத் தொட்டியைப் பிரியுங்கள் காக்கா, உள்ளே பார்ப்போம்” என்றேன். தீயைக் காட்டி ஈயத்தை உருக்கிப் பிரித்தார்.

நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதைப் போல வெள்ளைப் பொருக்கு. பாதிக் குழாய்களில் குச்சி நுழையவில்லை. பொருக்கைத் தட்டினால் அடியில் பச்சை பூத்த பள்ளங்கள், சில பள்ளங்களில் ஊசித்துளை.

நம் பகுதிக் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் பெரும்பாலும் உவர். அதனால்தானே காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்காகக் குடத்தோடு நிற்கிறோம். குடிக்கத் தயங்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு மட்டும் தயங்காமல் ஊற்றுகிறோம். சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து குழாயில் படியும். குளோரைடு உலோகத்தைத் துளைக்கும். வார்ப்பிரும்பு, செம்பு, பித்தளை, ஈயம் எல்லாம் ஒரே உப்புநீரில் நனைந்து நின்றால் அது ஒரு பேட்டரி. ஏதோ ஓர் உலோகம் கரைந்தே தீரும். வெளியிலிருந்து வந்த உப்பல்ல, மூடியைத் திறந்து நாமே ஊற்றிய உப்பு.

காக்கா விடவில்லை. “பச்சைக் கூலன்ட் ஊற்றிய பிறகுதானே ஒழுகியது? அதுவரை சும்மாதானே இருந்தது?” பாதி சரி. வண்டியை வாங்கியபின் நான்தான் கூலன்ட் ஊற்றினேன். அது வெறும் தண்ணீரைவிட நுண்ணிய சந்திலும் புகும். ஓட்டை முன்பே இருந்தது, பொருக்கு அடைத்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் பிரித்த குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. தேநீர் வாங்கி வரச் சொன்னார்.

அக்டோபர் 10

மதுரை. பழைய பக்கத் தொட்டிகளைக் கொண்டுபோய் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்தேன். இந்த வண்டிக்கென்று கடையில் கோர் கேட்டால் சிரிப்பார்கள். நீளம், அகலம், கனம், மூக்கின் விட்டம் ஆகிய அளவுகளைச் சொன்னால் செம்பில் புதிதாகக் கட்டித் தருவார்கள். மூக்கு 5/8 அங்குலம். அந்த அளவு ஓஸ் எங்கும் கிடைக்கும்.

விசிறி மோட்டார் 6 வோல்ட். தோட்டத்துக்காரர்கள் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றியபோது இதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அது கருகிப் பல வருடமாகியிருக்கும். பழைய பொருள் கடையில் 12 வோல்ட் மோட்டார் ஒன்று எடுத்தேன்.

அக்டோபர் 14

கோர் வந்துவிட்டது. பூட்டுவதற்கு முன் எஞ்சினைக் கழுவினோம், இல்லாவிட்டால் பழைய அழுக்கெல்லாம் புதுக் குழாயில் போய் உட்காரும். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, வடித்தோம். செம்மண் குழம்பு. தெளிந்த நீர் வரும்வரை அலசினோம்.

கோரைச் சுற்றிப் புதிய நுரைப்பட்டை ஒட்டினேன். சின்ன வேலைதான், ஆனால் முக்கியம். இடைவெளி இருந்தால் காற்று கோருக்குள் புகாமல் ஓரமாகத் தப்பிவிடும், சூடே வராது.

பிறகு கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத வடிநீரும் பாதிக்குப் பாதி. காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கு உயர்ந்திருக்க வேண்டும். உச்சிப்புளியில் மேட்டுக்கு எங்கே போவது? தென்னங்கட்டைகளை அடுக்கி முன்சக்கரங்களை ஏற்றினோம். ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டோம். குமிழிகள் அடங்கி, எஞ்சின் சூடேறினால் தானே திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் திரும்பும் ஓஸிலும் சூடு ஏறியது. கேபினுக்குள் அனல். பட்டறைப் பையன்கள் முகத்தைக் காட்டிவிட்டு ஓடினார்கள்.

அக்டோபர் 16

ஓஸ் கிளிப்புகளை இன்னொரு முறை முடுக்கினேன். ரப்பர் சூடேறி அமுங்கும். மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது, நிரப்பினேன். காலடி காய்ந்திருக்கிறது.

அக்டோபர் 23

மழை. நேற்று மாலையிலிருந்து விடாமல். இராமேசுவரத்துக்குச் சரக்கு. மண்டபம் தாண்டும்போது மச்சானும் அவர் மகனும் விட்ட மூச்சில் கண்ணாடி வெளுத்தது. விசிறியைப் போட்டேன். அடியிலிருந்து இரண்டு பிறைகளாகத் தெளிந்து மேலே ஏறியது. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டார்.

உள்பக்கம் தீர்ந்தது. வெளிப்பக்கம்தான் வேடிக்கை. பாம்பனில், 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் நடுப்பகுதி படகுகளுக்காக உயர்ந்திருக்கிறது. அந்த ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வைப்பர் நின்றுவிட்டது. இது எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடும் பழைய வைப்பர். மிதித்தால் அந்த உறிஞ்சல் போய்விடும். காலை எடுத்தால் துடைக்கும், வண்டி ஏறாது. மிதித்தால் ஏறும், துடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுத்து எடுத்து ஏறினோம். பின்னால் வந்த பேருந்து ஹாரனை விடவே இல்லை.

நாளை அந்த வைப்பருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் சரியாக இருந்தால் 12 வோல்ட் வைப்பர் மோட்டார்தான். காக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.