நரம்பு பிளாக் போட்டால் மார்ஃபினை நிறுத்திவிடலாமா?

கணையப் புற்றுநோயில் மேல்வயிற்றில் கிளம்பி முதுகைத் துளைக்கும் வலிக்கு சீலியாக் பிளாக் (வயிற்று உறுப்புகளின் வலியைக் கடத்தும் நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியை மறிப்பது) போடலாம் என்றதுமே எல்லோரும் கேட்பது இதைத்தான். உடனே நிறுத்தக் கூடாது, பெரும்பாலும் குறைக்கலாம். நாங்கள் பார்த்தவரை ஊசியைவிட அந்தக் குறைப்பில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் மாத்திரையை முறையாகக் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். சாதாரண மார்ஃபின் (மெதுவாகக் கரையும் வகை அல்லாதது) 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல். நடுவில் வலி எகிறினால் கொடுக்கும் அளவு, ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குவரை. நாளுக்கு 60 மி.கி. என்றால் 10 மி.கி. மலமிளக்கி முதல் நாளிலிருந்தே. இவ்வளவுக்கும் வலி அடங்கவில்லை, கூட்டினாலோ ஆள் தூங்கியே கிடக்கிறார் என்றால் பிளாக்கைப் பற்றிப் பேசலாம். எலும்பெங்கும் பரவிய வலிக்கு இது எடுபடாது. ரொம்பத் தள்ளிப்போட்டாலும் சிக்கல்: நரம்பைச் சுற்றிப் புற்றுக்கட்டி அடைத்துவிட்டால் மருந்து பரவ வழியிருக்காது.

ஊசிக்கு முன் ரத்தம் சரியாக உறைகிறதா என்று அறிய பிளேட்லெட், ஐஎன்ஆர் பரிசோதனைகள் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதுகு வழியாகப் போடுவதென்றால் பெரும்பாலும் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். முதலில் மரத்துப்போகும் மருந்து, பிறகு நரம்பைச் செயலிழக்கச் செய்யும் ஆல்கஹால். உள்ளே போகும்போது சிறிது நேரம் எரியும். ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் சலைன் ஏற்றுவார்கள். அன்று சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது. கால் பலமிழந்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள். அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கிற விஷயமில்லை.

இனிதான் கவனம். மார்ஃபினின் தூக்கத்தை அதுவரை எதிர்த்து நின்றது வலி. அது போனதும் பழைய அளவே மிகையாகிவிடும். தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே என்றால் அவசரம். ஃபென்டனில் ஒட்டு (மார்ஃபின் வகை வலிமருந்தைத் தோல் வழியே செலுத்தும் பட்டை) போட்டிருந்தால் உரித்த பிறகும் தோலில் தங்கிய மருந்து மணிக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். அதற்காக ஒரேயடியாக நிறுத்தினால் வியர்வை, பதற்றம், வயிற்றுப்போக்கு. பிளாக்கே சில நாள் வயிற்றைப் போகவைக்கும் என்பதால் எது எதனால் என்று குழம்பும். பழைய மலமிளக்கியையும் மறந்து தொடர்ந்தால் உடம்பில் நீர் வற்றிவிடும். மலமிளக்கியைத் தொடரலாமா என்று அன்றே டாக்டரிடம் கேளுங்கள். மார்ஃபினை அவர் சொல்லும்படி கட்டம் கட்டமாகக் குறையுங்கள்.

பிளாக்கின் பலன் பெரும்பாலும் சில மாதம். நடுவலிக்கான மார்ஃபின் வீட்டில் இருக்கட்டும், மாறிய அளவைச் சீட்டில் புதிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.