வின்ஸ் கில்லின் இரங்கற்பாடல்: மே மாதக் குறிப்புகள்

மே 2, வெள்ளி

2013-இல் இதே நாளில்தான் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், கிராண்ட் ஓல் ஓப்ரி அரங்கில், ‘கன்ட்ரி’ என்னும் கிராமிய இசையின் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸுக்கு இறுதி ஆராதனை நடந்தது. அங்கே அதே இசையின் பாடகர் வின்ஸ் கில்லும் பாடகி பேட்டி லவ்லெஸ்ஸும், கில் எழுதிய ‘கோ ரெஸ்ட் ஹை ஆன் தட் மவுண்டன்’ (அந்த மலைமேல் போய் இளைப்பாறு) பாடலைப் பாடிய காணொளியை மாலையில் மீண்டும் பார்த்தேன். பாட்டின் நடுவே கில்லுக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. சொல் எழவில்லை, விரல்கள் மட்டும் கிட்டாரை விடாமல் மீட்டிக்கொண்டிருக்கின்றன. துணைக்குரலாக நின்ற லவ்லெஸ் நிறுத்தாமல் பாடி, பாட்டு அறுந்துவிடாதபடி தாங்கிக்கொள்கிறார். கிருபையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் இந்தச் சில நிமிடங்களைப் போல எனக்கு அதை விளக்கியதில்லை.

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, 1994-இல் வெளியான இசைத்தட்டுப் பதிவைக் கேட்டேன். 1989-இல் மதுவுக்குப் பலியான பாடகர் கீத் விட்லியை நினைத்து கில் இந்தப் பாடலைத் தொடங்கினார். ஆனால் அப்போது முடிக்கவில்லை. 1993-இல் தம் அண்ணன் பாப் இறந்த பிறகுதான் அதைக் கையில் எடுத்து நிறைவு செய்தார். இளம் வயதில் கார் விபத்தில் மூளையில் அடிபட்டு, அதன்பின் வாழ்நாளெல்லாம் அல்லல்பட்டவர் அந்த அண்ணன். இரண்டு கிராமி விருதுகள் பெற்ற பாடல் என்பதைவிட, இரண்டு சாவுகளுக்கு இடையே சில ஆண்டுகள் அது காத்துக் கிடந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரணங்களில் கில்லின் குரல் தனித்து ஒலிக்கிறது. பல்லவியில்தான் லவ்லெஸ்ஸும் ரிக்கி ஸ்காக்ஸும் சேர்ந்துகொள்கிறார்கள். ஸ்காக்ஸ் வெறும் துணைப்பாடகர் அல்லர். கென்டக்கியின் மலைப்பகுதியில் பிறந்த அவரும் விட்லியும் பதின்வயதிலேயே மலைநாட்டு இசைக் கலைஞர் ரால்ஃப் ஸ்டான்லியின் குழுவில் ஒன்றாகப் பாடியவர்கள். தம் பால்ய நண்பன் விட்லியை நினைத்துத் தொடங்கிய பாட்டில் ஸ்காக்ஸின் குரலும் கலந்திருப்பதை அறிந்த பிறகு, அந்தப் பல்லவியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

மே 9, வெள்ளி

இன்று விட்லியின் நினைவு நாள். அம்மாவை உட்காரவைத்து, வரிக்கு வரி பொருள் சொல்லிப் பாடலைக் கேட்கச் செய்தேன். “அந்தப் பையன் கடைசியில் குடியை விட்டானா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஜோன்ஸ் விட்டார், 1999-இல் கார் விபத்தில் உயிர்தப்பியபின் மதுவைத் தொடாமல் வாழ்ந்தார். விட்லிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஆனாலும் மீண்டவர், மீளாதவர் இருவருக்கும் பாடல் ஒன்றுதான்.

அம்மா வெகுநேரம் எங்கள் சின்ன மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மாமாவின் அடக்கத்தன்று பிரசங்கம் செய்தவர் முழுநேரமும் குடியின் கேட்டையே பேசினாரேயன்றி, மாமா எவ்வளவு போராடினார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. கில்லின் பாடல் இறந்தவனிடம் கணக்குக் கேட்பதில்லை. உன் வலி உனக்குத்தான் தெரியும், இங்கே உன் வேலை முடிந்தது, பிதாவிடம் போய் இளைப்பாறு என்று வழியனுப்புகிறது. செய்த பிழையை மறைக்காமலே ஒருவனை அன்போடு அனுப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கேட்டதில்லை. அடுத்த மாதம் மாமாவின் நினைவுக் கூட்டத்தில் இதைப் பாடுகிறாயா என்று அம்மாவே கேட்டார். பாடுவதாகச் சொல்லியிருக்கிறேன், பல்லவிக்குத் தங்கையும் வேண்டும்.