நத்தைக்குத்தி நாரை: இறக்கை இப்போது 'டக்'கென்று விழுவதில்லை

பழைய இரும்பில் நான் செய்துவரும், மோட்டாரில் சிறகடிக்கும் நாரைச் சிற்பத்தின் இறக்கை கடைசியில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறது. அதைச் சாதித்தது ஒரு ஜோடி தொட்டில் ஸ்பிரிங்.

இயக்கம் வழக்கமானதுதான். 12 வோல்ட் வைப்பர் மோட்டார், மெதுவான வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 45 சுற்று. 18 பல் சைக்கிள் ஃப்ரீவீலிலிருந்து 44 பல் செயின் வீலுக்குப் போனால் 18 சுற்றாக இறங்கும். நாரைக்கு அந்த நிதானம் போதும். கிராங்க், அதாவது சுழலும் கை, 6 செ.மீ., தள்ளுகம்பி தோளிலிருந்து 12 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறது. அதனால் மேலே 30 பாகை, கீழே 30 பாகை. கிராங்க் அச்சு உடம்புக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக்காக வைத்தால் ஒரு இறக்கை முந்தும், மற்றது பிந்தும். கம்பியின் இரு முனையிலும் பைக் கியர் லிங்க்கின் பால் ஜாயிண்ட், எந்தப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு.

தொல்லை இறங்கும்போதுதான். ஒரு இறக்கை 2.2 கிலோ, எடைமையம் தோளிலிருந்து 30 செ.மீ. அந்தப் பாரம் மோட்டாரை முந்திக்கொண்டு ஓடும். ஃப்ரீவீல் அதைத் தடுக்காது, ஒரு பக்கம் சும்மா சுற்றுவதுதான் அதன் வேலை. மண்ணெண்ணெயில் கிரீஸ் போகக் கழுவி, உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் பற்றவைத்துவிட்டால் விழுவது நிற்கும். ஆனால் முழு அடியும் மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதன் பல் மழுங்கினால் மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே பூட்டினால் மட்டும் போதாது, பாரத்தைச் சமன் செய்தே ஆக வேண்டும்.

இறக்கைத் தண்டைத் தோளுக்கு உள்ளே 8 செ.மீ. நீட்டி, அந்த முனையை ஸ்பிரிங்கால் கீழே இழுக்க வேண்டும். 2.2 பெருக்கல் 30, வகுத்தல் 8: எட்டேகால் கிலோ இழுவை. இறக்கை சாயும்போது பாரத்தின் நெம்பும் ஸ்பிரிங்கின் நெம்பும் சேர்ந்தே குறைவதால், இழுவை மட்டும் மாறாமல் இருந்தால் எல்லா நிலையிலும் சமன். பைக் ஸ்டாண்டு ஸ்பிரிங் தோற்பது இங்கேதான். உள்முனை மேலும் கீழும் 4 செ.மீ. நகர்கிறது. குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கில் அந்த 4 செ.மீ.க்குள் இழுவை பல மடங்கு மாறிவிடும். ஒரு கிலோ தொங்கவிட்டால் குறைந்தது 3 செ.மீ. நீள வேண்டும். கதவு ஸ்பிரிங்கும் அந்தக் கணக்குக்கு வரவில்லை, தொட்டில் ஸ்பிரிங் வந்தது. கடையிலேயே கொக்கியில் எடைக்கல்லை மாட்டி அளந்து பார்த்து வாங்குங்கள், ஜோடி இரண்டும் ஒரே அளவு நீள வேண்டும். கீழ்முனையில், திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிள் ஒன்று இருந்தால் நுணுக்கமாகத் திருத்தலாம். செயினைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: இறக்கையை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். ஸ்பிரிங்கை மறைக்கவில்லை. கால்களுக்கு நடுவே கோரைத் தண்டு மாதிரி நிற்கிறது, அழகாகவே இருக்கிறது.

இறகுகள் நெல் அறுக்கும் மிஷினின் கத்திப் பட்டைகள். 3 அங்குல அகலம், ஒன்று ஏறக்குறைய 60 கிராம், இறக்கைக்கு 24. வெல்டிங் வேண்டாம், கோணிப்போகும். பழைய ரிவெட்டைத் தட்டி எடுத்தால் கிடைக்கும் இரண்டு ஓட்டைகளே போதும். இடையில் சைக்கிள் ட்யூப் வாஷர் போட்டால் கடகடப்பு அடங்கும். வெட்டு விளிம்பைக் கட்டாயம் மழுக்குங்கள், பிள்ளைகள் தொடுவார்கள். இந்த நாரையின் இறகு பளபளக்கும் கருப்பு. கத்தியைச் சூடாக்கிப் பழைய என்ஜின் ஆயிலில் முக்கினால் அதே கருமை வரும், பெயிண்டால் வராது.

அலகுக்குப் பவர் டில்லர் கத்தி இரண்டு. நடுவில் இடைவெளி விட்டு வளைந்த அந்த அலகுக்கு இதைவிடப் பொருத்தமான இரும்பு டெல்டாவில் வேறு இல்லை. ஆனால் கார்பன் அதிகம். சாதா வெல்டிங் ராடில் பற்றவைத்துத் தண்ணீர் ஊற்றினால் ஓரத்தில் விரிசல் நிச்சயம். 200 முதல் 250 டிகிரி வரை முன்சூடு, நன்றாக உலர்ந்த 7018 ராடு (ஹைட்ரஜன் குறைந்த வகை), முடிந்ததும் உமிச்சாம்பலுக்குள் புதைத்து ஒரு ராத்திரி. உமிச்சாம்பலுக்கு நம் பக்கத்து ரைஸ் மில்களில் பஞ்சமில்லை. உடம்பு மொபெட் பெட்ரோல் டேங்க். நெருப்பு காட்டும் முன் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடம் மட்டும் தெரியும்படி தண்ணீர் நிரப்பியே ஆக வேண்டும். காலி டேங்க் வெடிக்கும்.

கத்தி வாங்கச் சரியான நேரம் சம்பா அறுவடை முடிந்த கையோடு. மிஷின்காரர்கள் செட்டாக மாற்றிப் போடுவார்கள். காயலான் கடைக்குப் போகும் முன்பே பட்டறையில் சொல்லி வையுங்கள், கலந்த குவியலில் ஒரே அளவு தேடுவது பெரும்பாடு.

இதற்கிடையில் நடக்கும் உருவம் ஒன்றுக்கும் ஆசை பிடித்திருக்கிறது. நெதர்லாந்தின் தியோ யான்சன் 1990 முதல் மஞ்சள் பிவிசி பைப்பில் செய்துவரும், கடற்கரைக் காற்றில் நடக்கும் விலங்குகளின் கால் கணக்கு (வெறும் விகிதம்தான்): கிராங்க் 15, அதிலிருந்து கிளம்பும் இரண்டு தண்டுகள் 50, 61.9. நாகப்பட்டினம் காற்றுக்கு மூங்கில் தாங்குமா என்று ஒரு காலை மட்டும் செய்து பார்க்கப் போகிறேன்.

நாரைக்குக் கழுத்து பாக்கி. பைக் ஃபோர்க் ஸ்பிரிங் நீளம் சரி, ஆனால் அலகின் கனத்துக்கு ஆடுகிறது. உள்ளே 10 மி.மீ. கம்பி விட வேண்டும்.